கையிலிருக்கும் கல் என்ன கல்?

வீடு கட்டும் இடத்தின் வாசலில் கொட்டிக் கிடக்கும் முக்கால் ஜல்லியில் ஒரு துண்டை எடுத்துக் காட்டி, இது என்ன கல் என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் கருங்கல் என்பார்கள். கட்டட வேலைக்கு அந்தப் பெயர் போதும். நிலவியலைப் படிக்கத் தொடங்குபவருக்கோ அது பெயரே ஆகாது. சென்னையை அடுத்த பல்லாவரத்தின் சார்னோகைட்டும், கிருஷ்ணகிரிப் பக்கத்து டோலரைட்டும், மதுரைப் பக்கத்து நைஸ் பாறையும் பேச்சு வழக்கில் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கல்லைக் கையில் எடுத்ததும் கண் முதலில் பிடித்துக்கொள்வது நிறத்தை. தொடங்குபவர்கள் இடறுவதும் அங்கேதான்.

சேலத்தை அடுத்துள்ள வெண்ணிறக் குன்றுகளுக்கு ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சாக் ஹில்ஸ், அதாவது சாக்குக்கட்டிக் குன்றுகள், என்று பெயர் வந்தது. அங்கே சாக்குப் பாறை கிடையாது. அந்த வெண்மைக்குக் காரணம் மேக்னசைட் என்னும் கனிமம். உருக்கு உலைகளின் உட்சுவருக்கான வெப்பந்தாங்கும் செங்கல் செய்வதற்காக வெட்டியெடுக்கப்படுவது. சாக்கு கால்சியம் கார்பனேட்டால் ஆனது, மேக்னசைட் மெக்னீசியம் கார்பனேட். இரண்டின் மீதும் குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுவிட்டால், சாக்கு நுரைத்துப் பொங்கும். மேக்னசைட் ஏறக்குறையச் சும்மா இருக்கும். பெயரிட்டவர்கள் பார்த்தது நிறத்தை மட்டும்.

சோதனைகளுக்குள் போகுமுன், கனிமத்தையும் பாறையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கனிமம் என்பது இயற்கையில் உருவான, குறிப்பிட்ட வேதியியல் அமைப்பும் ஒழுங்கான அணு அடுக்கும் கொண்ட ஒரு தனிப்பொருள். பாறை என்பது பெரும்பாலும் அத்தகைய கனிமங்கள் பல சேர்ந்த கலவை. மிக்சரில் ஓமப்பொடி, காராபூந்தி, வேர்க்கடலை எல்லாம் தனித்தனியே தெரிவதுபோல, ஒரு கிரானைட் துண்டில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா ஆகியவை தனித்தனிப் பரல்களாகத் தெரியும். உலகில் ஏறத்தாழ 6,000 கனிம வகைகள் அறியப்பட்டிருந்தாலும், அந்த எண்ணைக் கேட்டுத் தொடங்குபவர் அஞ்ச வேண்டியதில்லை. பூமியின் மேலோட்டில் பாதிக்கும் மேல் ஃபெல்ஸ்பார் குடும்பமே. வழியில் கிடக்கும் கற்களில் பத்துப் பன்னிரண்டு கனிமங்களை அடையாளம் காணத் தெரிந்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

எந்தச் சோதனையையும் புதிதாக உடைந்த முகத்தில்தான் செய்ய வேண்டும். வெயிலும் மழையும் பட்ட வெளித்தோல் பல கற்களில் பழுப்பேறி, மென்மையாகி, உள்ளிருப்பதை மறைத்துவிடும். சுத்தியலால் உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும்; குவார்ட்ஸ் சில்லு கத்தி முனைபோல் தெறிக்கும். நாக்கில் வைத்துச் சுவை பார்க்கும் சோதனையும் உண்டு. அது பாறை உப்பு போன்ற சிலவற்றுக்கே பயன்படுவது, தெரியாத கல்லில் ஆபத்தானது என்பதால் அதை மறந்துவிடுவதே நல்லது.

உடைந்த முகத்தில் முதலில் பார்க்க வேண்டியது மிளிர்வு, அதாவது ஒளி அதன் மேல் பட்டுத் திரும்பும் விதம். உலோகம்போல் பளபளக்கிறதா இல்லையா என்பதே முதல் கேள்வி. பைரைட், கலீனா, கிராஃபைட் ஆகியவை உலோக மிளிர்வு கொண்டவை. உலோக மிளிர்வு இல்லாதவற்றில் குவார்ட்ஸ் கண்ணாடிபோலவும், மாக்கல் எண்ணெய் தடவியதுபோலவும், மைக்காவின் தகடு முத்துச்சிப்பிபோலவும், நாரிழை ஜிப்சம் பட்டுபோலவும் தோன்றும். மிளிர்வு குத்துமதிப்பான சோதனை. இருவர் இரு விதமாகச் சொல்லக்கூடும். ஆகவே அதற்கு அடுத்த சோதனைகளே கைகொடுப்பவை.

நிறம் பொய் சொல்லும் இடத்தில் தூளின் நிறம் உண்மையைச் சொல்லும். நகைக்கடையில் பொற்கொல்லர் உரைகல்லில் தங்கத்தை ஒரு கோடு இழுத்துப் பார்ப்பதை எல்லோரும் கண்டிருப்போம். கட்டளைக்கல் என்பது அதன் பழைய பெயர். கனிமவியலாரும் இதையே செய்கிறார்கள். கறுப்பு உரைகல்லுக்குப் பதிலாக மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான் தகட்டில் உரசுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. குளியலறைச் சுவரில் ஒட்டும் டைல்ஸின் மெருகற்ற பின்புறம், வெளிர் நிறமாக இருந்தால், அதற்குப் போதும். ஹெமடைட் என்னும் இரும்புத்தாது செம்மண் நிறத்திலும் கிடைக்கும், கறுப்பாகவும் கிடைக்கும், வெள்ளிபோல் மின்னும் தகடாகவும் கிடைக்கும். மூன்றையும் பீங்கானில் உரசினால் மூன்றும் செம்பழுப்புக் கோட்டையே விடும். மேக்னடைட் கறுப்புக் கோடு விடும். கோதைட்டின் கோடு மஞ்சள் கலந்த பழுப்பு. தங்கம் என்று பலரை ஏமாற்றிய பைரைட்டோ, வெளியில் பித்தளை மஞ்சளாக இருந்துகொண்டு, பச்சை சாயலுள்ள கறுப்புக் கோட்டை இழுக்கும். தங்கத்தின் கோடு தங்க நிறமாகவே இருக்கும். ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பீங்கானின் கடினத்தன்மை ஏறத்தாழ 7 என்பதால், அதைவிடக் கடினமான கல் கோடு விடாது, பீங்கானையே கீறிவிடும். மேலும், வெளிர் நிறக் கனிமங்களில் பெரும்பாலானவற்றின் தூள் வெள்ளையே என்பதால், அவற்றைப் பிரிக்க இந்தச் சோதனை உதவாது.

அவற்றுக்கு உதவுவது கடினத்தன்மை. எது எதைக் கீறும் என்பதை வைத்து ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812-இல் பத்துப் படிகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தார். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளூரைட் 4, அப்படைட் 5, ஆர்த்தோகிளேஸ் ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. ஒன்பதாம் இடத்திலுள்ள கனிமத்தின் உலகப் பெயரான கொரண்டம் என்பதே குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. மாணிக்கமும் நீலமும் அதன் வண்ண வகைகள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெளிர் நிறப் பாறைகளில் சிவந்த குருந்தம் பதிந்திருப்பதைக் காணலாம். மோஸின் எண்கள் வரிசையைக் காட்டுமே தவிர அளவைக் காட்டா. வைரத்துக்கும் குருந்தத்துக்கும் இடையே எண்ணில் ஒன்றுதான் வேறுபாடு. உண்மைக் கடினத்தில் வைரம் பல மடங்கு மேலே நிற்கிறது.

இந்தப் பத்துக் கனிமங்களையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. கைவிரல் நகம் சுமார் 2.5, செம்புக் கம்பி ஏறத்தாழ 3, இரும்பு ஆணி 4.5-ஐ ஒட்டி, கண்ணாடித் துண்டும் பேனாக்கத்தியும் சுமார் 5.5, எஃகு அரம் 6.5. வெளிநாட்டுக் கையேடுகளில் செம்புக் காசை எடுத்துக் கீறுமாறு எழுதியிருப்பார்கள். நம் கையில் புழங்கும் ரூபாய் நாணயங்களில் பல துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. அவற்றைச் செம்பு என்று எண்ணிச் சோதித்தால் கணக்கே தவறிவிடும். மின்கம்பியிலிருந்து உரித்த செம்பே நம்பகமானது.

கீறுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். கோடு விழுந்ததுபோல் தெரிந்ததும் கல் கீறப்பட்டது என்று முடிவு செய்யக் கூடாது. ஈர விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்ததும் மறைந்தால், கல் கீறப்படவில்லை, ஆணிதான் தேய்ந்து தன் தூளை அதன்மேல் விட்டிருக்கிறது. பலப்பத்தால் சிலேட்டில் எழுதிய காலத்தில் நாமெல்லாரும் அறியாமலே செய்த சோதனை இது: சிலேட்டைவிடப் பலப்பம் மெத்தென்றிருந்ததால் அது தேய்ந்தது, எழுத்து விழுந்தது, துடைத்ததும் போனது. மணற்பாறையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆணியால் கீறினால் பொலபொலவென்று உதிரும். அதைக் கண்டு மென்மையான கல் என்று எண்ணத் தோன்றும். உதிர்வது மணற்பரல்களை ஒட்டவைத்த பசை. பரல்கள் பெரும்பாலும் 7 கடினமுள்ள குவார்ட்ஸ். எனவே கடினத்தன்மையைப் பாறைக்குப் பார்ப்பதைவிட, அதிலுள்ள ஒரு பரலுக்குப் பார்ப்பதே சரி.

என்னைக் கேட்டால், இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் கண்ணைப் பழக்குவது கல் உடையும் விதம்தான். சில கனிமங்களில் அணுப் பிணைப்பு சில திசைகளில் வலுவற்றிருக்கும். அந்தத் திசைகளில் அவை சமதளமாகப் பிளக்கும். காக்காப்பொன் என்று சிறுவர்கள் பொறுக்கும் மைக்கா ஒரே திசையில், நகத்தாலேயே உரிக்கத்தக்க தகடுகளாகப் பிளக்கும். ஃபெல்ஸ்பார் ஏறக்குறையச் செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு திசைகளில் பிளக்கும். சமையலறையின் கல் உப்பில் ஒரு பரலை மெல்லத் தட்டி உருப்பெருக்கி வழியே பார்த்தால், சிதறிய துணுக்குகளும் சின்னஞ்சிறு பெட்டிகளாகவே இருப்பதைக் காணலாம். அதில் மூன்று பிளவுத் திசைகளும் செங்கோணத்தில் அமைந்தவை. கால்சைட்டும் மூன்று திசைகளில் பிளக்கும், ஆனால் கோணம் சாய்ந்திருப்பதால் சாய்ந்த பெட்டி கிடைக்கும். நிறமற்ற கால்சைட் துண்டை அச்செழுத்தின் மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும் என்பது குழந்தைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை.

குவார்ட்ஸுக்குப் பிளவுத்தளமே இல்லை என்று சொல்லிவிடலாம். அது எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே வலுவோடு இருப்பதால், தடித்த கண்ணாடிப் புட்டி உடைவதுபோல், சிப்பியின் உட்புறத்தை ஒத்த வளைவுகளோடு முறியும். விளிம்பு கூர்மையாக நிற்கும். இதைக் கற்கால மனிதர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழங்கற்காலக் கருவி, குவார்ட்ஸ் பரல்கள் இறுகிப் பிணைந்த குவார்ட்சைட் கல்லால் ஆனது. பல்லாவரத்துக் குன்று சார்னோகைட். காலடியிலிருந்த அந்தக் கல்லில் ஃபெல்ஸ்பார் மிகுதி. பரல்கள் அங்கங்கே தட்டையாகப் பிளப்பதால் தட்டித் தட்டிக் கூராக்க அது இணங்காது. குவார்ட்சைட் வளைந்து முறிந்து விளிம்பைத் தரும்.

ஜல்லித் துண்டுக்குத் திரும்பலாம். அதை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினால், சில பரல்கள் ஒரு கோணத்தில் மட்டும் சின்னக் கண்ணாடிபோல் பளிச்சென்று மின்னி அணையும். அவை ஃபெல்ஸ்பாரின் பிளவுத்தளங்கள். எப்படித் திருப்பினாலும் தட்டையாக மின்னாமல், ஈரமான கண்ணாடிபோல் ஒழுங்கற்றுத் தெரிபவை குவார்ட்ஸ். கத்தி முனையால் நெம்பினால் கறுப்புத் தகடாக உரிவது பயோடைட் மைக்கா. மாதுளை முத்துபோல் உருண்டு சிவந்திருப்பவை கார்னெட். இந்த நான்கையும் பிரித்தறியும் அளவுக்குக் கண் பழகிவிட்டால், ஜல்லிக் குவியல் வேறொன்றாகத் தெரியத் தொடங்கும்.

கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்தே ஓரளவு உணரலாம் என்றாலும், சமையலறை மின்தராசு இருந்தால் ஒப்படர்த்தியை, அதாவது அதே அளவு நீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பதை, கணக்காகவே சொல்லலாம். முதலில் கல்லை எடை போட வேண்டும். பிறகு பாதி நீருள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீரில் முழுதாக முங்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம், கல் விலக்கிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 265 கிராம் கல் நீரில் 100 கிராம் காட்டினால் விடை 2.65, அது குவார்ட்ஸின் எண். ஆனால் கால்சைட் 2.71, ஃபெல்ஸ்பார் 2.55 முதல் 2.75 வரை என்பதால், இந்த மூன்றையும் பிரிக்க எடை உதவாது. அது உதவுவது விலகி நிற்பவற்றுக்கு. ஆந்திராவின் மங்கம்பேட்டையில் வெட்டியெடுக்கப்படும் பேரைட் சாதாரண வெளிர்க் கல்போல் இருந்தும் 4.5 காட்டும், மேக்னடைட் 5.2, கலீனா 7.6.

மேக்னடைட்டுக்குக் காந்தம் இன்னும் எளிய சாட்சி. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் பாறையில் வெளிறிய குவார்ட்ஸ் பட்டையும் கறுத்த மேக்னடைட் பட்டையும் மாறி மாறி ஓடும். நூலில் தொங்கவிட்ட காந்தம் கறுப்புப் பட்டையின் பக்கம் சாயும். தென்கோடிக் கடற்கரைகளின் கருமணலில் மிகுந்திருக்கும் இல்மனைட்டைச் சாதாரணக் காந்தம் அவ்வளவாக இழுக்காது. அந்த மணலில் தோரியம் கொண்ட கதிரியக்கக் கனிமமான மோனசைட்டும் கலந்திருப்பதால், மாதிரி என்று சொல்லி வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வருவது வேண்டாம்.

இனி, எல்லாச் சோதனைகளையும் சேர்த்து வேலை வாங்கும் ஒரு நிலையைப் பார்க்கலாம். கையில் ஒரு வெள்ளைக்கல் இருக்கிறது. நகத்தால் கீறிப் பார்க்கிறோம். கோடு விழுந்து, தொட்டால் சோப்புபோல் வழுக்கினால் அது டால்க் மிகுந்த மாக்கல். கல்சட்டி குடையும் கல்லும் இந்த இனமே, கடையும் கருவிக்கு அது வளைந்துகொடுப்பது இந்த மென்மையால்தான். வழுக்காமல், தகடாகவோ நார்போலவோ இருந்தால் ஜிப்சம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை பக்கத்துக் களிமண் நிலத்தில் அது நரம்பு நரம்பாக ஓடுவதைக் காணலாம். நகத்துக்குப் பணியாமல் ஆணிக்குப் பணிந்தால் ஒரு சொட்டு அமிலம் விட வேண்டும். ஆய்வுக்கூட அமிலம் இல்லாதவர், தூளாக்கிய இடத்தில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ விட்டுக் காதருகே வைத்துக் கேட்கலாம். நுரைத்தால் கால்சைட். சுண்ணாம்புக்கல், பளிங்கு, கரிசல் நிலத்தில் கிடைக்கும் சுக்கான்கல் எல்லாம் அதன் உறவே. திடமாக இருக்கும்போது மெல்லவும், தூளாக்கியபின் நீர்த்த அமிலத்தில் விரைந்தும் நுரைத்தால் டோலமைட். குளிர்ந்த அமிலத்துக்கு அசையாமல், உடைந்த முகம் மெருகற்ற பீங்கான்போல் இருந்தால் சேலத்து மேக்னசைட்டாக இருக்க வாய்ப்புண்டு. ஆணியும் கத்தியும் தோற்றுப்போனால் மிஞ்சுபவை பெரும்பாலும் இரண்டு. தட்டையான முகங்கள் மின்னினால் ஃபெல்ஸ்பார். மின்னாமல் வளைந்து முறிந்து, கண்ணாடியை எளிதில் கீறினால் குவார்ட்ஸ், அதாவது பல ஊர்களில் வெங்கச்சாங்கல் என்று சொல்லப்படுவது. ஆறேழு வெள்ளைக் கற்களைப் பிரித்தாயிற்று. நிறத்தை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கனிமங்கள் பிடிபட்டபின் பாறைக்குப் பெயரிடுவது, அந்தப் பரல்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பார்ப்பதுதான். பரல்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, எந்தத் திசைக்கும் சாயாமல் கலந்து கிடந்தால், பாறைக்குழம்பு குளிர்ந்து உறைந்த தீப்பாறையாக இருக்கலாம்; குழம்பு மெல்லக் குளிர்ந்தால் கிரானைட்டைப்போலப் பரல் பெரிதாகவும், விரைவில் குளிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகவும் அமையும். பரல்கள் உருண்டு, பசையால் ஒட்டியிருந்தாலோ, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைப்போல் சிப்பிகள் பதிந்திருந்தாலோ, படிவுப்பாறை. வெளிரும் கருமையும் பட்டைப் பட்டையாக வரிசை கட்டியிருந்தால், வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிய உருமாறிய பாறையான நைஸ்.

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்து ஜல்லி புதிதாக உடைந்த முகத்தில் பச்சையோ நீலமோ ஓடிய சாம்பல் நிறமாக, எண்ணெய்ப் பூச்சு இருப்பதுபோல் தெரியும். அதுவே சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரின் கல்லறைக் கல் இப்பாறையால் ஆனதைக் கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-இல் அவர் பெயரையே இதற்கு இட்டார். ஹைபர்ஸ்தீன் என்னும் பைராக்ஸீன் கனிமம் இதில் இருப்பதே கிரானைட்டிலிருந்து இதைப் பிரிக்கிறது.

கடைப் பெயர்களை மட்டும் நம்பக் கூடாது. கறுப்பு கிரானைட் என்று விற்கப்படும் பலகைகளில் பல, குவார்ட்ஸ் அரிதாகவே உள்ள டோலரைட்; நிலவியலாரின் கணக்கில் கிரானைட்டே அல்ல. காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் உலகெங்கும் போன வெளிர்க் கல் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் வெட்டப்பட்டது. அதிலுள்ள சிவப்புப் புள்ளிகள் கார்னெட். அது ஓர் உருமாறிய பாறை. சமையல் மேடைக்குப் பலகை வாங்கப் போகிறவர், கடையில் மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி, எலுமிச்சைச் சாற்றைப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்துப் பார்த்தால், மெருகு மங்கியது பளிங்கு, மங்காதது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்றவற்றாலான சிலிக்கேட் கல் என்று தெரிந்துகொள்ளலாம். புளியும் ரசமும் சிந்தும் மேடைக்குப் பளிங்கு ஆகாது.

வடிவமும் ஏமாற்றும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை இருக்கிறது. அங்கே தரையில் கிடக்கும் அடிமரங்களில் மர நாரும் கணுவும் அப்படியே தெரியும். ஆனால் கத்தியால் கீறினால் கத்திதான் தேயும். மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டு உருவத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அது பாதுகாக்கப்பட்ட பூங்கா என்பதால் அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. இந்தக் கத்திச் சோதனையையும் மனத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மற்ற இடங்களில் பொறுக்கும் கற்களுக்கு, ஒரு மூலையில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து, காய்ந்தபின் அதன்மேல் மையால் எண் எழுதி, அந்த எண்ணுக்கு நேரே ஊர், ஓடையா குவாரியா வயலா, தாய்ப்பாறையிலிருந்து உடைத்ததா உருண்டு வந்து கிடந்ததா என்பதை நோட்டில் குறித்துவைக்க வேண்டும். கடினத்தன்மையை எந்த நாளிலும் மறுபடி பார்த்துக்கொள்ளலாம். எங்கே கிடந்தது என்பதைக் கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.